முதுகுவலி என்று சொன்னேன்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "நானும் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்ட போதகன்தான்." அவ்வளவுதான். அவர் கேட்ட கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றியே. பெயர் போட்டு எழுதியவர்கள் மூன்று பேர், மற்ற எல்லாரும் "பெயர் வேண்டாம்". அதனால் இந்த முறை யார் பெயரும் இல்லை, அந்த மூன்று பேருடையதும்கூட. வேறு விஷயம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: பாஸ்டர், எனக்கு ஊழியத்தில் 12 வருடம். ஞாயிறு மேடையில் நன்றாகத்தான் பேசுகிறேன், ஆசீர்வாதமாக இருந்தது என்று ஜனங்களும் சொல்கிறார்கள். திங்கள் காலை கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. முன்பு திங்கள் மட்டும்தான், இப்போது புதன், வியாழன் வரை போகிறது. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. சந்தோஷமாயிருங்கள் என்று பிரசங்கித்துவிட்டு இறங்கி வரும்போது நான் ஒரு வேஷக்காரன் என்று தோன்றுகிறது. என் அழைப்பு போய்விட்டதா?

பதில்: தம்பி, அழைப்பைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். காய்ச்சலில் கிடக்கிறவன் வீட்டை விற்கலாமா என்று பேரம் பேசக் கூடாது. முதலில் காய்ச்சல் எதனால் என்று பார்ப்போம்.

இரண்டு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று வேலையால் வருகிற சோர்வு, பர்ன் அவுட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை விளக்கியபோது இது நோய் இல்லை, வேலை அழுத்தம் சரியாகக் கையாளப்படாமல் நெடுநாள் கிடந்தால் வருவது என்று சொல்லி மூன்று அடையாளம் கொடுத்தது: சக்தி வற்றிப்போவது, வேலையின்மேல் விலகலும் கசப்பும் வருவது, செய்கிற வேலையில் திறன் குறைவது. ஊழியக்காரர்களை அந்த இரண்டாவது அடையாளம்தான் காட்டிக்கொடுக்கும். மரண வீட்டிலிருந்து போன் வந்தால் துக்கத்துக்கு முன்னால் எரிச்சல் வருகிறதா? "இன்றைக்குத்தானா" என்று ஒரு நொடி தோன்றி, அப்புறம் அதற்காக வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தை மூட இன்னும் நீளமாக ஜெபித்திருக்கிறீர்களா? நான் செய்திருக்கிறேன்.

இன்னொன்று மனச்சோர்வு. அது நோய். மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறார்கள், அதில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில், மனம் இருண்டு கிடப்பதோ எதிலும் நாட்டம் இல்லாமல் போவதோ, ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். மற்றவை தூக்கம், பசி, களைப்பு, கவனம், உடம்பும் பேச்சும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, காரணமில்லாத குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு. வெறும் வேலைச் சோர்வு என்றால் பத்து நாள் விலகி இருந்தால் கொஞ்சமாவது தெளியும். மனச்சோர்வு, நீங்கள் விடுமுறைக்குப் போனால் கூடவே பெட்டி கட்டிக்கொண்டு வரும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், ஒன்று மற்றொன்றில் கொண்டுபோய் விடவும் செய்யும்.

குற்ற உணர்வு என்று சொன்னேன் பாருங்கள், நம் ஆட்கள் சறுக்கி விழுகிற இடம் அதுதான். அது அப்படியே மனந்திரும்புதல் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும். என் அனுபவத்தில் வித்தியாசம் இதுதான்: ஆவியானவர் உணர்த்தினால் எந்தப் பாவம், யாருக்கு விரோதமாக என்று பளிச்சென்று தெரியும், அறிக்கையிட்டால் பாரம் இறங்கும். நோய் தருகிற குற்ற உணர்வுக்கு முகவரியே கிடையாது. நீ மோசமானவன், உன்னால்தான் சபை வளரவில்லை, நீ இல்லாமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். நூறு முறை அறிக்கையிட்டாலும் நூற்றியோராவது முறை திரும்ப வரும். அதோடு ஜெபத்தில் போராடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதலில் பொது மருத்துவரிடமே போகலாம். தைராய்டு குறைந்திருந்தாலும், பி12 குறைந்திருந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் அச்சு அசல் மனச்சோர்வு போலவே இருக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதில் ஒன்றும் இல்லை என்றால் மனநல மருத்துவர்.

வேஷக்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பர்ஜனைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையச் சொல்லியிருப்பீர்கள், இதைச் சொன்னீர்களா தெரியவில்லை. 1856 அக்டோபர் 19, லண்டனில் ஒரு பெரிய இசை மண்டபத்தில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது யாரோ தீ தீ என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் ஏழு பேர் செத்துப்போனார்கள். அவருக்கு அப்போது 22 வயது. சில வாரங்களில் மேடைக்குத் திரும்பினார், ஆனால் அந்த இருட்டு 1892-ல் அவர் சாகும் வரை வந்து வந்து போனது. அவர் அதை ஒளிக்கவில்லை. ஊழியத்துக்குப் படிக்க வந்த மாணவர்களுக்கு, போதகனுக்கு வரும் சோர்வைப் பற்றி ஒரு முழு வகுப்பே எடுத்தார். வாயில் சந்தோஷத்தைப் பற்றிய வசனமும் உள்ளே கனமும் இருந்தால் அவன் வேஷக்காரன் ஆகிவிட மாட்டான். கனம் இல்லை என்று சாதிக்கும்போதுதான் வேஷம் ஆரம்பிக்கிறது.

அப்புறம் எலியா. கர்மேலில் அக்கினி இறங்கியதைப் பற்றி நாம் ஆயிரம் செய்தி கேட்டாயிற்று. அடுத்த அதிகாரத்தில் அதே மனுஷன் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் வந்து என்ன செய்தான்? கண்டிக்கவில்லை, உபவாசம் இரு என்று சொல்லவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான், தூங்கவும் விட்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், ஏனென்றால் போகவேண்டிய தூரம் அதிகம். தேவன் அவனிடம் "உனக்கு இங்கே என்ன காரியம்" என்று கேட்டதெல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான். நாம் அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுகிறோம், அதுவும் வெறும் வயிற்றில்.

திங்கட்கிழமையை முழுசாக விடுங்கள். ஒரு மாதத்துக்குப் பழைய பிரசங்கங்களையே எடுங்கள், யாருக்கும் ஞாபகம் இருக்காது (இது ஊழியக்காரர்களுக்குள் ரகசியம்). மருத்துவரைப் பார்க்க இந்த வாரமே நேரம் வாங்குங்கள்.

*

கேள்வி: ஜெபித்தால் போதாதா? மருந்து எடுப்பது அவிசுவாசம் இல்லையா? வசனத்தோடு பதில் சொல்லவும்.

பதில்: வசனத்தோடே சொல்கிறேன். எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவாய் வியாதிப்பட்டான், அழுது ஜெபித்தான், கர்த்தர் கேட்டு இன்னும் 15 வருடம் கொடுத்தேன் என்று தீர்க்கதரிசி வாயால் சொல்லிவிட்டார். வாக்குத்தத்தம் கையில் வந்துவிட்டது. அதற்கு அடுத்தபடி ஏசாயா சொன்னது என்ன? அத்திப்பழத்து அடை கொண்டுவாருங்கள். பிளவையின்மேல் பற்றுப் போட்டார்கள், பிழைத்தான். 2 இராஜாக்கள் 20, ஏழாம் வசனம். ஏசாயாவுக்கு இல்லாத விசுவாசம் உங்களுக்கு இருந்தால் சந்தோஷம், ஆனால் அதை அடுத்தவர் உடம்பில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

*

கேள்வி: மாத்திரையை ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகிறது, வயிற்றைப் புரட்டுகிறது, தூக்கம் கெட்டுவிட்டது, மனதில் ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிடலாமா? வாழ்நாள் முழுக்க இதற்கு அடிமையாகிவிடுவேனா என்றும் பயம்.

பதில்: விடாதீர்கள். பொதுவாகக் கொடுக்கிற மனச்சோர்வு மருந்துகளில் தொந்தரவுகள் முதல் வாரமே வந்துவிடும், பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகும். பாதிப் பேர் விட்டுவிட நினைப்பது சரியாக நீங்கள் நிற்கிற இடத்தில்தான். மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ நேரத்தையோ மருந்தையோ மாற்றுவார். பதற்றம் கூடினாலோ சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ அன்றைக்கே சொல்ல வேண்டும், அடுத்த முறை பார்க்கும்போது சொல்லலாம் என்று இருக்கக் கூடாது. இந்த வகை மருந்துக்குப் போதைப் பொருள்போல ஆள் அடிமையாவதில்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு எல்லாம் வரும், அதனால் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். முதல் முறை வந்தவர்களைக் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். குணமான சாட்சி சொல்லிவிட்டு மறுநாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மருந்தோடு கூட ஆலோசகரிடம் பேசுகிற சிகிச்சையும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, என் விஷயத்தில் அதுதான் அதிகம் உதவியது.

*

கேள்வி: அண்ணே, என் தம்பி ஊழியத்துக்கு வந்து ஒரு வருடம்தான். ஆறு வாரமாக இரண்டு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை, களைப்பும் இல்லை. முழு இரவு ஜெபம், ஒன்று முடிந்து இன்னொன்று. பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை, ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறான். சேமிப்பை எல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டான். தேசங்களுக்குத் தன்னைக் கர்த்தர் அப்போஸ்தலனாக நியமித்திருக்கிறார் என்கிறான். அவனுடைய நண்பர்கள் அபிஷேகம் என்கிறார்கள். அம்மா அழுகிறார்கள். நான் தடுத்தால் ஆவியை அவித்துப்போடுகிற பாவம் ஆகுமா?

பதில்: அம்மா அழுவது சரி. தயவுசெய்து இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல நான் யார், மருத்துவனும் இல்லை. ஆனால் தூக்கமே தேவைப்படாமல் போவது, ஓயாத பேச்சு, அள்ளி இறைக்கிற செலவு, தன்னைப் பற்றிய பிரம்மாண்டமான எண்ணம், இது எல்லாம் சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் இருமுனைக் கோளாறின் எழுச்சிப் பக்கமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். பைபோலார் என்கிறார்களே, அது. மனச்சோர்வு வந்தவனைச் சபை குறைவாகப் பார்க்கிறது, எழுச்சி வந்தவனையோ மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்துவிடுகிறது, அதுதான் கொடுமை. அவன் இறங்கி வரும்போது, இறங்காமல் இருக்கவே முடியாது, கீழே ஒரு பள்ளம் காத்திருக்கும், கொடுத்த பணமும் சொன்ன தீர்க்கதரிசனங்களும் எல்லாம் அப்போது கண் முன்னால் வந்து நிற்கும். மிகவும் ஆபத்தான நேரம் அது.

இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெட்டாலே எழுச்சி கிளம்பிவிடும். ஆகவே முழு இரவு ஜெபம் இவர்களுக்கு ஆகாது, பகலில் ஜெபிக்கட்டும், கேட்கிறவருக்கு ராத்திரியும் பகலும் ஒன்றுதான். இதற்கு முக்கியமான மருந்துகளில் ஒன்று லித்தியம், 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பலனை எழுதினார், இன்றைக்கும் பயன்படுகிறது. ஆனால் லித்தியம் எடுக்கிறவர் தண்ணீர் குடிக்காமல் உபவாசம் இருந்தால் உடம்பில் நீர் குறைந்து ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகிவிடும். உயிருக்கே ஆபத்து. மருந்து எடுக்கிற ஒருவரை உபவாச ஜெபத்துக்கு அழைக்கிற போதகர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் உன் அபிஷேகம் பொய் என்று வாதாடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். "நீ தூங்கவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்காக ஒருமுறை வா" என்று கூப்பிடுங்கள். பண விஷயம், வங்கி அட்டை, வண்டிச் சாவி இதெல்லாம் அம்மா கையில் கொஞ்ச நாள் இருக்கட்டும். ஆவியை அவித்துப்போடுகிற பாவம் உங்கள்மேல் வராது. ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்று சொல்கிற அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் தள்ளி, எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் இருக்கிறது.

*

கேள்வி: நான் ஒரு போதகரின் மனைவி. சபையில் எல்லாரும் "பாஸ்டருக்காக ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்கிறார்கள். படுக்கையில் கிடப்பது நான். ஒன்றரை வருடமாக. ஞாயிறு காலை எழுந்து நல்ல புடவை கட்டிச் சிரித்துவிட்டு மத்தியானம் வந்து படுத்தால் செவ்வாய்தான். அவர் நல்லவர், ஆனால் எப்போதும் சபையில்தான் இருக்கிறார். வெளியே தெரிந்தால் ஊழியத்துக்குக் கெட்ட பெயர் என்று பயப்படுகிறார்.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அவருக்கு எழுதாதீர்கள், அவருடைய வீட்டுக்காரருக்கு எழுதுங்கள்" என்றாள். அப்படியே செய்கிறேன். இந்தப் பக்கத்தை அவர் மேஜையில் வைத்துவிடுங்கள்.

பாஸ்டர், வேதத்தை மொழிபெயர்த்த மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றி உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் மனைவி டோரதியைப் பற்றி எவ்வளவு தெரியும்? கடல் கடந்து போக அந்த அம்மாவுக்கு விருப்பமே இல்லை, கடைசி நேரத்தில் சம்மதித்துக் கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். 1793-ல் வங்காளம் வந்தார்கள், அடுத்த வருடம் ஐந்து வயது மகன் பீட்டர் செத்துப்போனான். அதற்கு அப்புறம் அவர் மனம் தேறவே இல்லை, இல்லாததெல்லாம் இருப்பதாக நம்பினார், பிந்தைய வருடங்களில் அறையில் அடைத்துவைக்கவேண்டிய நிலை, 1807-ல் இறந்தார். பக்கத்து அறையில் வேதாகம மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது. கேரியைக் குறை சொல்ல நான் வரவில்லை, அந்தக் காலத்தில் அவருக்கு வேறு வழியும் தெரியாது, மருந்தும் கிடையாது. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. நாம் இருநூறு வருடமாக அந்த மொழிபெயர்ப்புகளுக்காக ஸ்தோத்திரம் சொல்கிறோம், டோரதிக்காக ஒரு சபையிலும் இரண்டு நிமிடம் மௌனமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வருமா என்றால், சிலர் பேசுவார்கள். பேசட்டும். உங்கள் மனைவி உங்கள் சபையின் முதல் ஆத்துமா. இந்த வாரம் மருத்துவரிடம் நீங்களே கூட்டிப் போங்கள், சிஸ்டர்களில் ஒருவரை அனுப்பிவிடாதீர்கள். ஞாயிறு அவர் வர முடியவில்லை என்றால் வரவில்லை. யாராவது கேட்டால் "உடம்பு சரியில்லை" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. மீதியை எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும், அவருடைய வியாதி அது.

*

கேள்வி: எங்கள் போதகர் மூப்பர் கூட்டத்தில் தனக்கு மனச்சோர்வு, சிகிச்சையில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பதவியில் வைக்கலாமா? சபைக்கு அறிவிக்கலாமா? விடுதலை ஜெபத்துக்கு ஒருவரை வரவழைக்கலாம் என்று ஒரு மூப்பர் சொல்கிறார்.

பதில்: வரவழைக்காதீர்கள். வியாதியாய் இருக்கிற மனுஷனைச் சுற்றி நின்று சத்தம் போட்டுப் பிசாசைத் துரத்தினால், அவர் உள்ளே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற "நீ மோசமானவன்" என்ற குரலுக்கு நீங்கள் ஆமென் போட்டதாக ஆகிவிடும்.

உங்களிடம் சொன்னாரே, அதற்கு முதலில் நன்றி சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. என்னுடைய ஊழியத்தின் 14-ஆம் வருடம் அது, ஆராதனைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்க முடியாமல் நாற்பது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது, கேட்கிறது, கை அசையவில்லை. மறுநாள் மனைவிதான் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சபைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? முதுகுவலி. மூன்று மாதம் முதுகுவலி. ஒரு நல்ல மனுஷன் முதுகுக்குத் தாங்கலாக ஒரு குஷன் வாங்கிக்கொண்டு வந்து என் நாற்காலியில் வைத்தார், நான் அதில் சாய்ந்துகொண்டு சத்தியத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன். ஒரு வருடம் கழித்து உண்மையைச் சொன்னபோது ஒரு அம்மா என்னிடம் வந்து, "நானும் ஐந்து வருடமாக இதே மாத்திரைதான் பாஸ்டர், நீங்கள் போன வருடமே சொல்லியிருந்தால் நான் தனியாக அழுதிருக்க மாட்டேனே" என்றார். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. நான் என்னவோ சபைக்காகத் தாக்குப்பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒளிந்துகொண்டிருந்தேன் என்பதுதான் நிஜம். அந்தக் குஷன் இன்னும் என் நாற்காலியில் இருக்கிறது, எடுக்க மனமில்லை.

சரி, உங்கள் விஷயம். பதவியைப் பற்றிய பேச்சை இப்போது எடுக்காதீர்கள். மருத்துவர் எவ்வளவு நாள் ஓய்வு என்கிறாரோ அவ்வளவு நாள் முழுச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள், வீடு சபையுடையது என்றால் வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று வாயால் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். ராத்திரி படுக்கும்போது போதகர்கள் நினைப்பது அதைத்தான்: வேலை போனால் வீடும் போகும், பிள்ளைகளின் நண்பர்களும் போவார்கள், ஆராதிக்கிற இடமும் போகும், எல்லாம் ஒரே நாளில். வேறு எந்த வேலையிலும் இப்படி எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பதை நான் பார்த்ததில்லை. சம்பளம், வீடு இரண்டும் தீர்ந்தால் பாதி மருந்து அதுவே.

சபைக்கு என்ன அறிவிப்பது என்பதை அவரிடமே கேளுங்கள். அவர் சரி என்று சொல்கிற வார்த்தைகளை மட்டும் சொல்லுங்கள், ஜெபக் குறிப்பு என்ற பெயரில் மீதிக் கதையைப் பரப்பாதீர்கள். வீட்டுக்குக் கூட்டமாகப் போகாதீர்கள், ஒருவர் போகட்டும், பத்து நிமிடம் உட்காரட்டும், எப்போது திரும்பி வருவீர்கள் என்று மட்டும் கேட்காமல் வரட்டும்.

அப்புறம் அவர் செய்துகொண்டிருந்த வேலைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிரசங்கம், வேதபாடம், கல்யாணம், அடக்கம், மருத்துவமனைச் சந்திப்பு, கட்டடக் கணக்கு, ஒலிபெருக்கி ரிப்பேர், இரண்டு குடும்பச் சண்டை. எழுதி முடித்தபின் எத்திரோ மோசேயிடம் சொன்னதை எடுத்து வாசியுங்கள். "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல", தொய்ந்துபோவீர்கள் என்றார் மாமனார். மோசேயும் கேட்டுக்கொண்டு ஆட்களை நியமித்தார், அப்படியும் பின்னால் எண்ணாகமத்தில் என்னைக் கொன்றுபோடும் என்று கேட்கிற அளவுக்கு வந்தார், அதற்குப் பிறகு எழுபது மூப்பர்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் 2008-ல் வட கரோலினா மெதடிஸ்ட் போதகர்களிடம் தொலைபேசியில் விசாரித்தபோது 8.7 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது, அந்த நாட்டின் பொது அளவு 5.5. உங்கள் போதகர் விதிவிலக்கு இல்லை. அவர் திரும்பி வரும்போது அந்தத் தாளில் பாதி வரிகள் வேறு பெயர்களுக்கு மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

*

கேள்வி: ஒரு விசுவாசி என்னிடம் சாக வேண்டும்போல இருக்கிறது என்றார். நான் பதறிப்போய் வசனம் சொல்லி ஜெபித்து அனுப்பிவிட்டேன். அடுத்த முறை என்ன செய்ய?

பதில்: அடுத்த முறை இல்லை, இன்றைக்கு. படித்ததும் அவருக்குப் போன் போடுங்கள், இல்லை நேரில் போங்கள்.

நேராகக் கேளுங்கள்: "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா? எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறோம், அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஆறுதல்தான் வரும். திட்டம் இருக்கிறது என்று சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள், எதை வைத்துச் செய்ய நினைத்தாரோ அது எட்டாத இடத்துக்குப் போகட்டும், வீட்டார் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனை, அல்லது உங்கள் நாட்டின் அவசர உதவி எண், தற்கொலைத் தடுப்பு எண். யாரிடமும் சொல்லாதீர்கள் பாஸ்டர் என்று அவர் கேட்டாலும், உயிர் விஷயத்தில் அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது. முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "மற்ற எல்லாம் எனக்குள் இருக்கும், உங்கள் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நான் ஆளைக் கூப்பிடுவேன்."

வில்லியம் கூப்பர் என்ற கவிஞர், இன்றைக்கும் ஆராதனைகளில் பாடுகிற பாடல்களை எழுதியவர், பலமுறை சாக முயன்றவர். 1773-ல் அவருக்கு மறுபடி இருட்டு வந்தபோது அவருடைய போதகரான ஜான் நியூட்டன் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு வருடத்துக்கு மேல் அங்கேதான் இருந்தார். நியூட்டன் சொன்ன வசனங்கள் கூப்பரைக் குணமாக்கவில்லை, கூப்பர் கடைசி வரை அந்த இருட்டோடுதான் இருந்தார். ஆனால் 1800 வரை, 68 வயது வரை, இருந்தார்.

இதை வாசிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், எனக்குக் கடிதம் எழுதாதீர்கள், என் பதில் வர ஒரு மாதம் ஆகும். பக்கத்து அறையில் இருக்கிறவரை இப்போதே கூப்பிடுங்கள்.

*

கேள்வி: ஒன்பது வருடம் போதகராக இருந்தேன். இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இப்போது விட்டுவிட்டுப் பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறேன். தூங்குகிறேன், சிரிக்கிறேன், பிள்ளைகளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது. ஆனால் பழைய சக ஊழியர்கள் பார்க்கும்போதெல்லாம் "கலப்பையின்மேல் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன்" வசனத்தைச் சொல்கிறார்கள். நான் பின்வாங்கிப்போனவனா?

பதில்: கலப்பை வசனம் சொல்கிறவர்களிடம் மாற்குவைப் பற்றிக் கேளுங்கள். பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவன், அவனைத் திரும்பக் கூட்டிப் போகலாமா என்பதில் பவுலும் பர்னபாவும் சண்டை போட்டுப் பிரிந்தே போனார்கள். அதே பவுல் வயதான காலத்தில் மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதினார். நடுவில் அவன் என்ன செய்தான் என்று வேதம் ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. கணக்குகூடச் சொல்லிக்கொடுத்திருக்கலாம், யார் கண்டது.

நீங்களும் ஒரு நாள் திரும்பித்தான் ஆக வேண்டும் என்ற அர்த்தத்தில் இதைச் சொல்லவில்லை. திரும்பாமலும் இருக்கலாம். மேடையில் இருந்து உயிரோடு இறங்கி வந்து, தூங்கி, சிரிக்கிற ஒரு ஆளைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்கிறவர் எப்போது கடைசியாக ஒழுங்காகத் தூங்கினார் என்று விசாரியுங்கள், எனக்கென்னவோ அவரைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது.

இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமை பின் வரிசையில் போய் உட்காருங்கள். பிரசங்கம் நீண்டுகொண்டே போனால் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வரலாம். இருபத்து மூன்று வருடமாக அந்தச் சுகம் எனக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.